நாற்பத்தொன்றுக்குப் பதினொன்று

கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. கார் கோபிசெட்டிபாளையத்தில், லட்சுமணசாமி அய்யாவின் தோப்பு ஷெட்டுக்குள், பின்சக்கரம் இரண்டும் கழற்றப்பட்டு மரக்கட்டைகள் மேல் நின்றிருந்தது. ஐம்பத்தாறாம் வருடத்து பிளைமவுத். அதற்கு வேண்டியது ஒரே ஒரு ஜோடிச் சாமான். அந்த ஒரு ஜோடிக்காகப் பதினான்கு மாதம் நான் தெருத்தெருவாக அலைந்து முடித்திருந்தேன்.

என் பெயர் அப்துல் வஹீது. உக்கடத்தில் பழைய கார் ஸ்பேர் கடை வைத்திருக்கிறேன். 'பாய்கிட்டக் கேட்டா எப்படியும் கிடைச்சிரும்' என்று கோயம்புத்தூரில் ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் கிளப்பிவிட்ட ஆள் யாரென்று தெரிந்தால் பிடித்து நிறுத்தி நாலு வார்த்தை கேட்க ஆசை. ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. இந்தப் பேச்சைக் காப்பாற்றவே மிச்ச ஆயுள் போய்விடும் போலிருந்தது.

விஷயம் இதுதான். காரின் பின் அச்சு நடுவில் ஒரு பெரிய குண்டு இருக்கும். அதற்குள் க்ரௌன் என்று தட்டு மாதிரி ஒரு பல்சக்கரம், அதில் பல்லோடு பல் பதிந்து ஓடும் பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரம். எஞ்சின் சுற்றுவதெல்லாம் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது இந்த இரண்டின் வழியாகத்தான். இந்தக் காருக்கு க்ரௌனில் நாற்பத்தொரு பல், பினியனில் பதினொன்று. அய்யாவின் பினியனில் மூன்று பல் உதிர்ந்து, உதிர்ந்த பல் க்ரௌனையும் கடித்துவைத்துவிட்டது. எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடும், கார் இருந்த இடத்திலேயே நிற்கும்.

கல்யாணம் சத்தியமங்கலத்தில். அய்யாவின் தம்பி கோவிந்தராஜுலுவின் பேத்தி ஷ்ரவ்யாவுக்கு. அண்ணனும் தம்பியும் பேசிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. கோபிக்கும் சத்திக்கும் முக்கால் மணி நேரம்தான், ஆனால் பத்திரிகை கூரியரில் வந்தது. கூடப்பிறந்த அண்ணனுக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வராமல் கூரியரில் அனுப்பினால் அதை இந்தப் பக்கம் யாரும் அழைப்பு என்று சொல்ல மாட்டார்கள். அய்யா அதைக் கிழித்துப் போடவுமில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில், கண்ணில் படுகிற மாதிரி வைத்திருந்தார்.

"போறதுன்னா அப்பா கார்லதானுங்க போவேன்," என்றார் என்னிடம். "அதுல போயி எறங்குனாப் போதும், பேச்சே வேண்டாம். வாடகைக் காரு புடிச்சு அவன் வாசல்ல போயி நிக்க மாட்டேனுங்க. காரு ஓடலீன்னா நான் போகலீங்க."

அவருக்கு எழுபத்து மூன்று வயது. இந்தக் கல்யாணத்தை விட்டால் உயிரோடு இருக்கும்போது அந்த வீட்டுப் படி ஏற அவருக்கு வேறு சாக்குக் கிடைக்கப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் எரிச்சல் பட்டாலும் என்னால் இந்த வேலையை விட முடியவில்லை.

அலைந்த கதையை முழுக்கச் சொன்னால் நீங்களும் சோர்ந்துபோவீர்கள். மைசூரில் ஒருவர் 'இருக்குது வாங்க' என்றார். போனால் அது டாட்ஜ் லாரியுடையது. பெங்களூரில் ஒருவர் போட்டோ காட்டினார், பொருளைக் காட்டவில்லை. பம்பாயில் மூன்று நாள் மழையில் நனைந்துகொண்டு குர்லாவின் சந்துகளில் துருப்பிடித்த அச்சுகளைப் புரட்டிப் பார்த்தேன். கிடைத்தது காய்ச்சல் மட்டும். என் மகள் ஹிபா போனில் தேடி அமெரிக்காவிலேயே ஒருவரைப் பிடித்தாள். மூன்று மாதம் கழித்துப் பார்சல் வந்தது. பிரித்தால் ஐம்பத்தேழாம் வருடத்து மாடலின் சாமான். ஒரே ஒரு வருட வித்தியாசம், அதற்குள் அந்த மகராசன்கள் பின் அச்சையே மாற்றிவிட்டார்களாம். அது இன்னும் என் கடை மூலையில் கிடக்கிறது.

நம் ஊரிலேயே புதிதாக அடித்துப் பார்க்காமலும் இல்லை. கணபதியில் பல்சக்கரம் வெட்டுகிற ஒரு ஒர்க்‌ஷாப்பில், "சாம்பிள் குடுங்க பாய், அடிச்சுப்போடலாம்," என்றார்கள். கோயம்புத்தூர் லேத்துக்காரர் வாயில் முடியாது என்ற சொல் வராது, அதுதான் அவரிடம் இருக்கிற பெரிய கோளாறு. வெட்டினார்கள், சூடேற்றிப் பதமும் வைத்தார்கள், பார்க்க நகை மாதிரி இருந்தது. மாட்டிக்கொண்டு கிளம்பினோம். கரட்டடிபாளையம் தாண்டுவதற்குள் அடியில் ஒரு ஊளைச் சத்தம், அப்புறம் ஒரு வெடிச் சத்தம். டிராக்டர் வைத்துக் கட்டி இழுத்து வந்தோம். அய்யா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வழியெல்லாம் நேராகச் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கார் ஓட ஆரம்பிக்கறதுக்குள்ள உங்க கால் நின்னுரும்," என்றாள் என் மனைவி ஹபீபுன்னிசா. அவள் சொன்னதில் தப்பே இல்லை.

ஒருவரிடம் மட்டும் நான் கேட்கவில்லை. சென்னை புதுப்பேட்டை சந்தியாகு. பிளைமவுத், டாட்ஜ் சாமான் என்றால் தமிழ்நாட்டில் அவரைத்தான் முதலில் கேட்க வேண்டும், தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எட்டு வருடத்துக்கு முன் எனக்கு ஒரு கார்புரேட்டர் அனுப்பினார். அதில் விரிசல் இருந்தது, பசை வைத்து அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தது. தெரிந்தேதான் அனுப்பினாய் என்றேன். சத்தியமாகத் தெரியாது என்றார். நான் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அதோடு சரி. அவர் நம்பர் என் போனில் இருந்தது. சில நாள் பெயரைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவேன்.

பன்னிரண்டு நாள் என்றான பிறகு வேறு வழியில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"எட்டு வருஷம் கழிச்சு இப்பதான் ஞாபகம் வந்துச்சா பாய்?"

"சந்தியாகண்ணே, அன்னிக்கு நான் பேசுனது..."

"அதை உடுங்க. இன்னா வோணும், சொல்லுங்க."

சொன்னேன். ஐம்பத்தாறு பிளைமவுத், க்ரௌன் பினியன், நாற்பத்தொன்றுக்குப் பதினொன்று. அவர் சிரித்தார். "இதுக்கா எனக்குப் போன் போட்டீங்க? உங்க பக்கமே கீதே. சத்தியமங்கலம். ஒரு பொட்டி நிறைய, ஒண்ணுகூட மாட்டாத புதுச் சாமான். நாலு வருஷமா அந்த மனுசன் எனக்குப் போன் போட்டு, பிளைமவுத்துக்கு யாராச்சும் தேடுனா அனுப்பிவைங்கன்னு சொல்லிக்கினே கீறாரு. பேரு கோவிந்தராஜுலு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பத்திரிகையில் அச்சடித்திருந்த அதே பெயர். போன் பேசி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சத்திக்குப் போனேன். பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வீடு. வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பந்தல்கால் நட அளந்துகொண்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே மூக்கு, அதே நெற்றி, யாரையும் நம்பாத அதே பார்வை. அண்ணனைக் கொஞ்சம் குள்ளமாகச் செய்து நிறுத்தின மாதிரி இருந்தார்.

"வாங்க, உட்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க," என்றார். குடித்தேன். "சொல்லுங்க."

"உக்கடத்துல இருந்து வாரேனுங்க. பிளைமவுத் சாமான் இருக்குதுன்னு புதுப்பேட்டை சந்தியாகு சொன்னாருங்க."

அவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார். பக்கத்து அறையில் ஒரு கட்டில்மேல், போர்வை போட்டு மூடி, ஒரு மரப்பெட்டி. அவர்கள் அப்பா ஒரு தோட்டத் துரையிடம் காரை வாங்கியபோது கூடவே வந்த பெட்டியாம். திறந்தார். ஒவ்வொரு சாமானும் கிரீஸ் தடவி, மெழுகுத்தாளில் சுற்றி, நூல் கட்டி இருந்தது. கிரீஸ் பழையதில்லை.

"வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு எல்லாத்தையும் பிரிச்சுத் தொடச்சு, புது கிரீசு போட்டு வெச்சுருவேனுங்க," என்றார்.

"கார் இல்லாம இதை வெச்சுட்டு என்னுங்க பண்றீங்க?"

"எம் பங்குங்க இது." அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அப்பா போனதும் பாகம் பிரிச்சாங்க. காரு எனக்கு வேணும்னு நான் நின்னேன், எனக்குத்தான்னு அண்ணன் நின்னாரு. பெரியவங்க நாலு பேரு உட்கார்ந்து பேசி, காரு மூத்தவனுக்கு, சாமான் பொட்டி எளையவனுக்குன்னு சொல்லிப்போட்டாங்க. ரெண்டு பேருத்துக்கும் நாயம் பண்ணிட்டமின்னு காப்பி குடிச்சுட்டுக் கெளம்பிட்டாங்க. பத்தரத்துலயும் அப்படியே எழுதி ரிஜிஸ்தர் பண்ணியிருக்குதுங்க."

ஒரு காரையும் அதன் சாமானையும் இரண்டு வீட்டில் பிரித்து வைத்துவிட்டு அதற்கு நியாயம் என்று பெயர் வைத்த அந்த நாலு பேரும் இன்று உயிரோடு இருந்தால் நான் போய்ப் பார்த்திருப்பேன். கோபத்தை அடக்கிக்கொண்டு க்ரௌனைப் பிரித்தேன். விரலை வைத்து எண்ணினேன். நாற்பத்தொன்று. பினியனை எண்ணினேன். பதினொன்று. பதினான்கு மாதம் தேடிய பொருள் மடியில் இருந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், உடம்பெல்லாம் அசதிதான் வந்தது.

"சந்தியாகுகிட்ட எதுக்குங்க சொல்லி வெச்சீங்க? விக்கறதுக்குங்களா?"

"இல்லீங்க. இந்தச் சாமானத் தேடி வாரவரு இந்தச் சீமையிலேயே ஒருத்தருதானுங்களே." அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அண்ணன் அனுப்பிச்சாருங்களா?"

ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் பெட்டி என் கையில். இதைவிட அற்பச் சாமானுக்கு இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொன்ன வாய்தான் இது. ஆனால் அன்றைக்கு எனக்கு லட்சுமணசாமி அய்யா மேல் இருந்த கோபத்தில், அவருக்காகப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"இல்லீங்க. இங்க இருக்குதுன்னு அவரு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. க்ரௌனை என்னிடமிருந்து வாங்கி, தாளைச் சுற்றி, நூலைப் பழையபடி கட்டினார். "அப்பச் செரிங்க. அவரு கேக்கட்டும். கேட்டாருன்னா இந்த நிமிசம் குடுத்தர்றேன்."

"நீங்க நேர்ல போயி பத்திரிகை வெச்சிருக்கலாமுங்களே?"

"போனா, பொட்டியக் கொண்டாந்தியாடான்னு கேப்பாருங்க. அவரு அப்படிக் கேட்டா எனக்கு அழுகை வந்துரும். கல்யாணத்துக்கு அழைக்கப் போன எடத்துல அழுக முடியுமுங்களா?"

சாப்பிடாமல் விடவில்லை. இலை போட்டு, பக்கத்தில் நின்று அவரே பரிமாறினார். கிளம்பும்போது என் நம்பரை வாங்கித் தன் போனில் போட்டுக்கொண்டார்.

அங்கிருந்து நேராகக் கோபி. பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது. வழி நெடுக அய்யாவிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் ஷெட்டில் நாற்காலி போட்டுக் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதலில் என் கையைத்தான் பார்த்தார். கை காலி.

"சத்திக்குப் போயிட்டு வாரேனுங்க," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"பொட்டி அங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா, தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க."

நான் கத்திவிட்டேன். என்னைவிட மூத்த ஒருவரிடம், அதுவும் வாடிக்கைக்காரரிடம், அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. மைசூரைச் சொன்னேன், பம்பாய் மழையைச் சொன்னேன், அமெரிக்கப் பார்சலைச் சொன்னேன். "முக்கா மணி நேரத் தொலைவுல சாமானத்த வெச்சுட்டு என்னைய நாடு பூராவும் ஓட உட்டீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா? எம் முழங்காலப் பாருங்க!" என்று வேட்டியைத் தூக்கிக்கூடக் காட்டினேன். தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "நீங்க எப்படியும் ஒரு நாள் அங்க போயிச் சேருவீங்கன்னு நெனச்சேனுங்க. புதுப்பேட்டைல சந்தியாகுன்னு ஒருத்தர்கிட்டத் தம்பி சொல்லி வெச்சிருக்கறது எங்காதுக்கும் வந்துச்சு. தொழில்ல இருக்கற பாய், மொதல் வாரமே அவருகிட்டத்தான் கேப்பீங்கன்னு நெனச்சு உங்களப் புடிச்சேன். இத்தனை நாளாகுமுன்னு நான் நெனைக்கலீங்க."

மைசூரும் பம்பாயும் அவர் அனுப்பிப் போன இடங்கள் இல்லை. ஒரு கார்புரேட்டருக்காக நான் சுற்றிப் போன வழி. அவர் மேல் இத்தனை நேரம் வீசின வார்த்தையில் பாதி எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியது. வெட்கமாக இருந்தது. வேட்டியை இறக்கிவிட்டு, காரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க கேட்டீங்கல்ல? குடுக்க மாட்டேன்னுட்டானுங்களா?"

"நீங்க கேக்கோணுமாமுங்க."

"நான் அண்ணனுங்க."

"அந்தச் சந்தியாகுகிட்ட நான் எட்டு வருஷம் பேசலீங்க," என்றேன். "அதனாலதான் இத்தனை நாளாச்சு. நேத்துதான் போன் போட்டேன். போட்டா ரெண்டு நிமிசம்தானுங்க ஆச்சு."

அவர் பதில் சொல்வதற்குள் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மட்கார்டு மேல் வைத்தேன். மணி அடித்தது. "சொல்லுங்க பாய், பத்தரமா ஊடு போயிச் சேந்தீங்களா?" என்றது கோவிந்தராஜுலுவின் குரல்.

நான் வாயைத் திறக்கவில்லை. அய்யா அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாய்? பாய்?" என்று இரண்டு தடவை கேட்டது. கட் பண்ணிவிடுவாரோ என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. அய்யா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலிலேயே அந்தப் பக்கம் சத்தம் நின்றுபோனது.

அப்புறம் தெலுங்கில் பேசினார்கள், அவர்கள் வீட்டுப் பாஷை அது. நாயுடுமார் ஒர்க்‌ஷாப்புகளில் புழங்கியே வயசான எனக்கு அது புரியும்.

"எத்தனை பல்லுடா?" என்றார் அய்யா.

பத்தொன்பது வருடம் கழித்து அவர் வாயில் வந்தது அதுதான்.

"நாப்பத்தொண்ணுக்குப் பதினொண்ணு, அண்ணா."

"நல்லா எண்ணினியா?"

"வருஷா வருஷம் எண்ணறேன்."

அய்யா கண்ணாடியை மறுபடி கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். "எனக்கு அது வேணும்டா கோவிந்து."

"வந்து எடுத்துக்கோ அண்ணா."

"காரு இல்லாம நான் எப்படிடா வருவேன்?"

மறுபடி பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டார்கள். பொறுத்தது போதும் என்று எனக்குத் தோன்றியது.

"சத்திக்குப் பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் இருக்குதுங்க!" என்றேன், இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி.

அய்யா போய் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். கோபி பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் நிற்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. நான் போக வேண்டியது கோயம்புத்தூர், உடம்பு படுக்க ஒரு பாயைத்தான் கேட்டது. ஆனால் இவரைத் தனியாக ஏற்றிவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பிவிடுவார் என்று பயமாக இருந்தது. நானும் ஏறினேன். நல்லவேளை, ஜன்னலோரம் இரண்டு சீட் கிடைத்தது.

வாழைத்தோட்டங்களைப் பார்த்தபடி வந்தார். முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சத்தி நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார்.

"தம்பி பாக்க எப்படி இருக்கானுங்க? எனக்கு அடையாளம் தெரியுமுங்களா?"

"அச்சு அசலா உங்களை மாதிரியேதானுங்க இருக்காரு," என்றேன்.

அவர் நரை முளைத்த தாடையைத் தடவிக்கொண்டார். நரம்பெடுத்த தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கடைசியாகப் பார்த்தபோது கோவிந்தராஜுலுவுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும்.

"அப்ப, அவனுக்கும் வயசாயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

நான் ஆமாங்க என்றேன்.